ஜப்பான் ரயில்வேயின் கடன் முழுவதையும் தனியார் அடைக்கவில்லை

"1987-இல் ஜப்பான் ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுத்தார்கள், கடன் மொத்தமும் அடைந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

அப்போது கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். அதில் பெரும்பகுதியை, ரயில்வேயைப் பிரித்து உருவாக்கிய புதிய நிறுவனங்கள் தலையில் கட்டவே இல்லை. தனி அமைப்பு ஒன்றுக்கு மாற்றினார்கள். நிலத்தையும் பங்குகளையும் விற்றும் அது தீரவில்லை. 1998-இல் அந்த அமைப்பைக் கலைத்தபோது மிச்சமிருந்த சுமார் 28 லட்சம் கோடி யென்னில் சுமார் 24 லட்சம் கோடி அரசின் கணக்கில் ஏறியது. அதாவது, வரி கட்டிய மக்கள் சுமந்தார்கள்.

எல்லாமே தனியார் கைக்குப் போய்விடவும் இல்லை. ஹொக்கைடோ, ஷிகொகு தீவுகளில் ரயில் ஓட்டும் நிறுவனங்களின் பங்குகள் இன்றும் அரசு அமைப்பிடம்தான் இருக்கின்றன. டோக்கியோவில் கூட்டம் பிதுங்கும் ரயிலும், ஹொக்கைடோவில் பனிக்குள் ஒற்றைப் பெட்டியாக ஓடும் டீசல் ரயிலும் ஒரே கணக்கில் வராது. யூபாரி என்ற பழைய நிலக்கரி ஊருக்குப் போன கிளைப்பாதையை 2019-இல் மூடியேவிட்டார்கள்.

டோக்கியோ பகுதியில் ரயில் ஓட்டும் கிழக்கு ஜப்பான் நிறுவனம் பல ஆண்டுகள் கட்டணத்தைப் பெரிதாக ஏற்றாமல் நன்றாக ஓட்டியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதன் வருமானத்தில் நிலையக் கடைகள், கட்டட வாடகைக்கும் பெரிய பங்குண்டு. தனியார்மயத்தை ஆதரிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.