அழைப்பு யாருக்கு?
'கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்பது அண்மைக்கால இறையியலாளர்கள் புகுத்திய கருத்து' என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்வதோடுதான் எனக்குப் பிரச்சினை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி இதை 1739இலேயே பிரசங்கித்துவிட்டார். எல்லாரும் தப்பிவிடுவார்கள் என்றல்ல, அழைப்பு எல்லாருக்கும் என்று. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அந்த வழி வந்தவர்தான். அவருக்கு முன்பு இங்கே கோட்டையைப் பிடித்திருந்த ஒல்லாந்தரின் சபையோ நேர் எதிர்ப்பக்கம். கிறிஸ்துவின் பலி உலகம் முழுவதுக்கும் போதுமானது, ஆனால் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே, அதாவது கடவுள் முன்பே தெரிவுசெய்தவர்களுக்கே, என்று 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சபை மாநாட்டில் தீர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆக, இந்த வாக்குவாதத்தின் இரண்டு பக்கமும் நம்ம வாவிக்கரைக்கு எப்போதோ வந்து இறங்கிவிட்டது. அந்தக் கட்டுரைக்குப் பதிலாக, இயேசுவின் ஜெபத்திலுள்ள யோவான் 17:9ஐக் காட்டி 'உலகத்துக்காக அவர் வேண்டவில்லையே' என்று கேட்ட சகோதரர், சரி, அப்படியே 21ஆம் வசனம்வரை வாசிக்கட்டும். உலகம் விசுவாசிக்க வேண்டும் என்றுதான் அங்கே ஜெபம் போகிறது. கல்லடியில் எங்கள் அம்மம்மா இரவு ஜெபத்தில் பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்தை, கைக்குழந்தை உட்பட, ஒவ்வொரு பெயராகச் சொல்லுவா. தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் யார் என்று பட்டியல் பார்த்ததில்லை. விட்டுப்போனது எங்கள் கோழியைப் பிடித்த அவர்களுடைய நாய் மட்டும்தான்.