அப்பாவின் வேட்டியில் ஏறிய கறுப்பு

வெள்ளிக்கிழமை நல்லூரடியில் காரை விட்டு இறங்கிய அப்பாவின் வேட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. கரை வைத்த வெள்ளை வேட்டி, பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. கார் சீற்றின் தோலுக்கு நானே வீட்டில் பூசிய சாயம்தான். சீற்றின் தையல் கோடுகூட அப்படியே பதிந்திருந்தது. பின்னால் வந்த ஒரு அம்மா "ஐயா, வேட்டியிலை ஏதோ பட்டிருக்கு" என்று சொன்ன பிறகு அப்பா கோயிலுக்குள் போகவேயில்லை. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

வேட்டியையும் சாயப் போத்தலையும் தூக்கிக்கொண்டு ரவுனில் அதை விற்ற கடைக்குப் போனேன்.

"நல்லாக் காய விட்டனீங்களோ தம்பி?"

விட்டேன்.

"வெயிலிலையோ நிழலிலையோ?"

நிழலில், நீங்கள் சொன்னபடி.

"அதுதான் பிழை. வெயிலிலை விட்டிருக்க வேணும்."

வாங்கும்போது நிழலில் விடச் சொன்னதும் இதே வாய்தான். பிறகு ஏசி போட்டதா என்று கேட்டார். போட்டேன். ஏசி ஈரமாம். பிறகு அப்பாவுக்குக் கனக்க வேர்க்குமோ என்று கேட்டார். ஆவணி வெயிலில் யாழ்ப்பாணத்தில் வேர்க்காத மனிதர் யார்? கடைசியில் வேட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நீலம் போட்டுத் தோய்ச்ச வேட்டி. அதுதான் சாயத்தை இழுத்திருக்கு" என்றார். வேட்டியில் பிழை, வெயிலில் பிழை, வேர்வையில் பிழை. போத்தலில் மட்டும் பிழையே இல்லை!

"இது சீற்றுக்கோ, சப்பாத்துக்கோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் மாட்டுத்தோல்தானே!"

மாட்டுத்தோல்தான். ஆனால் அநேகமான கார் சீற்றுத் தோலுக்குத் தொழிற்சாலையிலேயே நிறப்பூச்சும், அதற்கு மேல் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சும் போட்டு மூடித்தான் அனுப்புகிறார்கள். சப்பாத்துச் சாயம் ஊறக்கூடிய தோலில்தான் பிடிக்கும். மூடிய தோலில் அது மேலாகக் கிடந்து, சூடும் வேர்வையும் பட்டதும் உடுப்பில் ஏறும். சீற்றுக்குத் தேவை தண்ணீரில் கரைத்த நிறப்பூச்சு. அதுவும் சும்மா பூசினால் நிற்காது. அழுக்கு, எண்ணெய், மினுக்கத்துக்குப் பூசிய சிலிக்கன் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டும். நைசான சாண்ட்பேப்பரால் மெல்ல உரஞ்ச வேண்டும். ஸ்பொஞ்சால் மெல்லிய படையாக ஒற்றி, காயவிட்டு, மறுபடி ஒற்றி, கடைசியாகப் பாதுகாப்புப் பூச்சும் போட வேண்டும். பல கார்களில் சீற்றின் பக்கவாட்டில் இருப்பது தோலே இல்லை, றெக்சின். சப்பாத்துச் சாயம் அதில் எங்கே ஊறுவது?

இதெல்லாம் விற்கிறவருக்குத் தெரியாதென்றால் விற்கக்கூடாது. தெரிந்தும் சொல்லாமல் விற்றால் அது களவு. போத்தலில் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர், "பேசாமல் வேறை கார் எடுங்கோவன்" என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள், அதுவும் தலைசுற்றும் வரியோடு. இங்கே ஓடுகிற பழைய ஜப்பான் கார்களை நாங்கள் ஆசைக்காகவா பூசி மெழுகி வைத்திருக்கிறோம்? காசில்லாதவன் வீட்டிலேயே ஒரு வேலையைச் செய்யப் பார்த்தால், அவனுக்கு உண்மையைச் சொல்லி விற்க ஒரு கடைக்காரருக்கு என்ன குறைந்துவிடும்?

காசைத் திருப்பித் தரமாட்டாராம், போத்தல் உடைத்ததாம். உடைக்காமல் எப்படிப் பூசுவது என்று நான் கேட்ட நேரம் பார்த்து ஒரு மினிபஸ் காற்று ஹோர்னை அடித்தது. அவர் சொன்ன பதில் ஒன்றும் கேட்கவில்லை.