கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன காலை

சொகுசுக் கப்பலில் இருநூறு பேருக்கு வாந்தி பேதி என்று செய்தி வந்தால் போதும், கீழே இரண்டு வகைக் கருத்துகள் வரிசை கட்டிவிடும். "காசு கொடுத்து நோயை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்" என்பது ஒன்று. "கப்பலைச் சுத்தமாக வைத்திருக்கத் துப்பில்லாத கம்பெனிகள்" என்பது இன்னொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி ஒரு கணக்கில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கணக்கு ஏறுவதற்குக் கைகொடுத்தவளும்கூட.

ஏழு இரவுப் பயணம். நான்காம் நாள், விடிவதற்கு வெகுநேரம் இருந்தது. இரண்டு மணி இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்து குளியலறைக்குப் போவதற்குள் பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. இந்த நோய் சொல்லிவிட்டு வராது. படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தேன். மூன்று முறை வாந்தி, அப்புறம் மற்றதும். ஆறு மணிக்கு வயிற்றில் எதுவும் மிச்சமில்லாததால் ஒருவித அமைதி வந்தது. "டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றார் கணவர். "வேண்டாங்க, கடல் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்" என்றேன்.

அன்று கடல் அசையவே இல்லை. மேசையில் வைத்திருந்த தண்ணீர்க் குவளையில் ஒரு சுழிப்பு கிடையாது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் எளியது. அன்றைக்குத்தான் தீவைச் சுற்றிப் பார்க்கும் நாள். மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டி வைத்திருந்தோம். கேபினில் கிடந்த தகவல் தாளில் தெளிவாகப் போட்டிருந்தது: வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உடனே மருத்துவப் பிரிவுக்குத் தெரிவிக்கவும், குணமாகும்வரை கேபினை விட்டு வரக்கூடாது. தெரிவித்தால் தீவு போச்சு. ஆக, முகம் கழுவிக்கொண்டு காலை உணவுக்குக் கிளம்பிவிட்டேன். பஃபே வாசலில் இருந்த சானிடைசரை இரண்டு முறை அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. அது போதும் என்று மனசாட்சியிடம் சொல்லிக்கொண்டேன். பழத்தட்டின் முன்னால் நின்று இரண்டு துண்டு எடுத்துப் போட்டேன். பின்னால் நீலத் தொப்பி போட்ட ஒரு பாட்டி. எழுபத்தைந்து வயதாவது இருக்கும். "இனிப்பாக இருக்கிறதா?" என்று கேட்டார். "தெரியவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது" என்று சொல்லி இடுக்கியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அரை மணி நேரம் கழித்து, கரைக்கு இறங்கும் வரிசையில் நின்றபோது வயிறு மறுபடி முறுக்க ஆரம்பித்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல் என்பார்களே, அப்படி நின்றேன். நெற்றியெல்லாம் வியர்வை, வாயில் புன்னகை. வரிசையை விட்டு விலகி லிஃப்ட் வரைதான் போக முடிந்தது. அங்கே கம்பளத்தின் மேலேயே, பத்துப் பேர் பார்க்க.

கொஞ்ச நேரத்தில் முகக்கவசம், கையுறை, மேலங்கி போட்ட ஊழியர்கள் வந்து அந்த இடத்தைக் கயிறு கட்டி மறைத்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, இனி என் கருத்துக்கு வருகிறேன்.

கப்பல் வாந்தி என்று நாம் சொல்லும் இந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது நோரோ வைரஸ். இது கப்பலில் பிறந்ததே இல்லை. 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். அங்கே எடுத்து வைத்திருந்த மாதிரியிலிருந்து 1972இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பெயரைத் தேய்த்ததுதான் நோரோ. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், உணவகம் என்று மனிதர்கள் நெருங்கிச் சாப்பிட்டு ஒரே கதவைத் திறக்கும் எல்லா இடங்களிலும் இது இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடிப் பேருக்கு வருகிறது. அங்கே பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பலின் பங்கு 1 சதவீதம் அளவுதான்.

பிறகு ஏன் கப்பல் மட்டும் செய்தியாகிறது? அங்கேதான் நோயாளிகளை எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 1975இல் கப்பல் சுகாதாரத்துக்கென்று தனித் திட்டமே தொடங்கியது. வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டு அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் பயணிகள் கப்பல், கரை சேரும் முன்பே எத்தனை பேருக்கு வயிறு கெட்டது என்று கணக்குக் கொடுத்தாக வேண்டும். 24 மணி நேரத்தில் மூன்று முறை போனால் நீங்கள் கணக்கில் ஏறிவிடுவீர்கள். பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேரைத் தொட்டுவிட்டால் கப்பலின் பெயரோடு பொதுவில் வெளியிடுகிறார்கள். நீங்கள் தங்கிய விடுதியில் பக்கத்து அறைக்காரர் எத்தனை முறை போனார் என்று யார் எழுதி வைக்கிறார்கள்? 2008 முதல் 2014 வரை இப்படிச் சேர்ந்த கணக்கில் பயணிகள் 7.36 கோடிப் பேர். நோய் கண்டவர்கள் 1,29,678 பேர். அதாவது 0.18 சதவீதம். அதிலும் பெரும்பகுதி ஒன்றிரண்டாக வந்தவை, பரவலோடு சேர்ந்தவை அல்ல.

இதனால் நான் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வு. 56 கப்பல்களின் பொதுக் கழிப்பறைகளில் கண்ணுக்குத் தெரியாத மையால் அடையாளம் வைத்து, பிறகு சிறப்பு விளக்கை அடித்துப் பார்த்தார்கள். துடைத்திருந்தால் மை போயிருக்கும். அப்படிப் போயிருந்தது 37 சதவீத இடங்களில்தான். குற்றம் துடைக்கும் பெண்மணியுடையது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். காலையில் ஒரு கூட்டம் இறங்கி, அதே நாள் மாலை அடுத்த கூட்டம் ஏறுகிறது. நடுவில் உள்ள சில மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேபின்கள்.

ஒரு தடவை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜனவரியில் எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ் கப்பலைப் பார்க்கலாம். 3,071 பயணிகளில் 634 பேர் விழுந்தார்கள், ஊழியர்கள் 55 பேர். பயணத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டு கப்பல் திரும்பியது. ஐந்தில் ஒருவர்!

இந்த வைரஸ் நூறுக்கும் குறைவான துகள்கள் உள்ளே போனாலே போதும், ஆளைச் சாய்த்துவிடும். நோயாளியின் உடலிலிருந்து வெளியேறுவதோ கோடிக்கணக்கில். நான் வாசலில் தேய்த்துக்கொண்ட சானிடைசர்? அதில் உள்ள ஆல்கஹால், கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களைக் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, கெட்டியான புரத ஓடுதான். ஆல்கஹால் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவினால் கையிலிருந்து வழிந்து போகும், அவ்வளவுதான் வழி. தரையிலும் கைப்பிடியிலும் இருப்பதைக் கொல்ல ப்ளீச் வேண்டும். எந்தக் கப்பலில் எந்தப் பயணி ஏறினாலும் வாசலில் சானிடைசர் வைத்திருப்பதைவிடக் கை கழுவும் தொட்டி வைத்திருப்பது மேல் என்பேன். சில கப்பல்களில் பஃபே வாசலிலேயே வரிசையாகத் தொட்டி வைத்து, பக்கத்தில் ஓர் ஊழியர் "வாஷி வாஷி" என்று பாடிக்கொண்டே நிற்பார். அவரைப் பார்த்து முன்பெல்லாம் சிரித்திருக்கிறேன்.

ஆனால் என் அசல் மனக்குறை வேறு. வைரஸ் உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரம் வரை நோய் வெளியே தெரியாது. தெரிந்தபின் நோயாளி வாயைத் திறந்து சொன்னால் மட்டும்தான் கப்பலால் எதையும் தொடங்க முடியும். அந்தச் சொல்லும் நேரத்தில் கப்பல் நம்மிடம் என்ன கேட்கிறது தெரியுமா? சொன்னால் இரண்டு நாள் அடைப்பு, கட்டிய சுற்றுலாப் பணம் போகுமோ என்ற பயம், மருத்துவப் பிரிவில் என்ன பில் போடுவார்களோ என்ற பயம், கூட வந்தவருக்கும் சேர்த்துக் காவல். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. நேர்மைக்கு அபராதம் போட்டுவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

ஏறும்போது தரும் படிவமும் இதே கதைதான். கடந்த சில நாட்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்கும். பெட்டிகளோடு துறைமுகத்தில் நிற்கிற மனிதர், "ஆம்" என்று போட்டால் ஏற்றாமல் விட்டுவிடலாம் என்று தெரிந்தும் "ஆம்" போடுவாரா? எனக்குத் தெரிந்து யாரும் போட்டதில்லை. அப்படிப் போடுகிறவருக்குக் காசு வாங்காமல் இன்னொரு தேதியில் இடம் தருகிறோம் என்று அந்தப் படிவத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் போடட்டும். வயிற்று நோய்க்குப் பரிசோதனை இலவசம், தவறவிட்ட சுற்றுலாவுக்குப் பணம் திரும்ப வரும் என்று முதல் நாள் ஒலிபெருக்கியில் சொல்லட்டும். இதில் சிலதைச் சில கம்பெனிகள் ஏற்கெனவே செய்கின்றன. அதைப் பதினேழாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டு யாருக்கு என்ன பயன்?

லிஃப்ட் சம்பவத்துக்குப் பிறகு கேபினில் அடைந்து கிடந்த அந்த இரண்டு நாட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போகப்போகிற யாருக்காவது உதவும்.

நான் செய்த முதல் தப்பு, தாகத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. செவிலியர் ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்து, "ஒரு வாய், ஐந்து நிமிடம், மறுபடி ஒரு வாய்" என்றார். அப்படித்தான் நின்றது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, ஆண்டிபயாடிக் வேலை செய்யாது, தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஒன்று முதல் மூன்று நாளில் தானாக அடங்கும். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியமே. போக்கை நிறுத்தும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம், காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கூடவே கூடாது. குழந்தைகளும் வயதானவர்களும்தான் கவலைக்குரியவர்கள். மணிக்கணக்கில் சிறுநீர் வரவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. அப்புறம் கழிப்பறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள், துண்டைப் பகிர வேண்டாம்.

கேபின் ஜன்னல் வழியாகத் தீவு தெரிந்தது. நாங்கள் ஏற வேண்டிய படகு போவதையும் பார்த்தோம். தொலைக்காட்சியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடும் அலைவரிசை ஒன்று இருந்தது. இரண்டு நாளும் அதையே பார்த்தோம். அதில் எப்போதும் கடல்தான். கணவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் அவரையும் கூடவே இருக்கச் சொல்லிவிட்டார்கள். "உன்னால்தான்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நல்ல மனிதர். மறுநாள் சாயங்காலம் அவருக்கும் வந்தது. "கடல் ஒத்துக்கொள்ளவில்லை போல" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் வயிறு வலித்தது.

எனக்கு அனுமதி கிடைத்து வெளியே வந்தபோது கப்பல் ஆளே மாறியிருந்தது. பஃபேயில் நாமாக எடுக்கக் கூடாது, கையுறை போட்ட ஊழியர்கள் பரிமாறினார்கள். உப்பு, மிளகுக் குப்பிகள் காணோம். நூலகம் பூட்டியிருந்தது. கேப்டன் எல்லோருக்கும் முழங்கையை நீட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படிக் கைப்பிடியை ஒருவர் துடைத்துவிட்டு நகர்ந்தால் இன்னொருவர் பின்னாலேயே வந்து துடைத்தார். பக்கத்து மேசையில் ஒருவர், "எனக்கெல்லாம் ஒன்றும் வராது, நான் சுத்தமான ஆள்" என்று அளந்துகொண்டிருந்தார். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. அவர்களுடைய குடலில் இந்த வைரஸின் பல வகைகள் ஒட்டுவதில்லை. அவர் சுத்தமான ஆளோ, குடல் வாய்த்த ஆளோ, யார் கண்டது.

நன்றாகிவிட்டது என்ற பிறகும் இரண்டு வாரம்வரை வைரஸ் உடம்பிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கலாம் என்று செவிலியர் சொல்லியிருந்தார். அதனால் மிச்ச நாட்கள் எதையும் தொடாமல், முழங்கையால் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டு திரிந்தேன்.

கடைசி நாள் காலை இறங்கும் கூடத்தில் நாற்காலி நாற்காலியாக அந்த நீலத் தொப்பியைத் தேடினேன். பார்த்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. மூவாயிரம் பேர் இறங்கினார்கள். அவர் என் கண்ணில் படவில்லை.