ஜானி கேஷ் சிறைக் கைதியாக இருந்தாரா?

"அமெரிக்க கன்ட்ரி (அந்நாட்டுக் கிராமிய மரபு இசை) பாடகர் ஜானி கேஷ், ஃபோல்சம் சிறையில் தண்டனை அனுபவித்தபோது பாட்டெழுதிப் புகழ்பெற்றார்" என்ற பதிவு சுற்றுகிறது. தவறு. அவர் எந்தச் சிறையிலும் தண்டனைக் காலம் கழித்ததில்லை. சில முறை கைதானார், லாக்கப்பில் ஓரிரவு இருந்தார், அவ்வளவுதான்.

'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டை அவர் எழுதியது ஜெர்மனியில், அமெரிக்க விமானப்படை வீரராக இருந்தபோது. அந்தச் சிறையைப் பற்றிய திரைப்படம் ஒன்றுதான் தூண்டுதல். 1954-இல் படையிலிருந்து விலகி, மெம்ஃபிஸில் வீடு வீடாகப் போய்ப் பொருள் விற்றார். அப்புறம் 1955-இல் சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைப்பதிவு நிறுவனம் வாய்ப்புக் கொடுத்தது. அங்கேதான் இந்தப் பாட்டும் பதிவானது.

ஃபோல்சமுக்குள் அவர் போனது கச்சேரி நடத்த. 1968 ஜனவரி 13 அன்று கைதிகள் முன்னால் பாடிப் பதிவுசெய்த ஆல்பம் அவரை மறுபடி உச்சிக்குக் கொண்டுபோனது. 1972-இல் சிறைச் சீர்திருத்தத்துக்காக அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் குழு முன்பும் பேசினார். உள்ளே இருந்து அனுபவிக்காதவர், உள்ளே இருந்தவர்களுக்காக இவ்வளவு செய்தார். அதை மறைக்கிறது இந்தப் பொய்.