முட்டைகோஸ் புழு மூளைக்கு ஏறுமா?

முட்டைகோஸில் உள்ள புழு வேகவைத்தாலும் சாகாது, நேராக மூளைக்குப் போய்விடும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம் ஆட்களிடம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இலைக்குள் நெளியும் பச்சைப் புழு பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சியின் புழுதான். மூளையைப் பாதிப்பது பன்றி நாடாப்புழுவின் முட்டை. அந்தப் புழு குடலில் இருப்பவரின் மலம் கலந்த தண்ணீரோ மண்ணோ கையோ பட்டால் கீரை, கேரட் என்று எதிலும் அது ஒட்டலாம், கிழக்கு கேப் மாகாணத்தில் இந்த நோய் உண்மையிலேயே இருக்கிறது என்பதால்தான் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறேன். நன்றாக வெந்தால் முட்டை செத்துவிடும். மேல் இலையை எடுத்துவிட்டு, இதழ் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பச்சையாகச் சாப்பிடுவதென்றால் இன்னும் கவனமாக. அப்புறம் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து உருளைக்கிழங்கோடு வதக்குங்கள். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் வைட்டமின் சியில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும்.