பென்சில் விழுந்தால் வெள்ளையர்

தென்னாப்பிரிக்காவில் ஒரு காலத்தில் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி இனத்தை முடிவு செய்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் காலத்துச் சோதனை இது. எங்கே குடியிருக்கலாம், யாரைக் கல்யாணம் பண்ணலாம் என்பதெல்லாம் இனப் பதிவைப் பொறுத்ததுதான். சாண்ட்ரா லைங்கின் அம்மா, அப்பா இருவருமே வெள்ளையர். ஆனாலும் அவளுடைய நிறமும் சுருட்டை முடியும் உறுத்தியதால், 1966-இல் பத்து வயதுக் குழந்தையைப் போலீஸோடு பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தது. ஆனால் 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், சுருண்டு எழும்பி நிற்கும் ஆஃப்ரோ முடியை 'ஒழுங்காக' வைக்கச் சொல்கிறார்கள் என்று மாணவிகள் போராட வேண்டியிருந்தது. காவலர்களுக்கு எதிரே கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்தி நின்ற சுலைகா பட்டேலுக்கு அப்போது வயது 13.

ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கல்லூரி விடுதியில் எங்கள் பக்கத்து அறையில் நைஜீரிய அக்கா ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தோழி அவருக்குப் பின்னிவிட்டதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். வால்சீப்பின் நுனியால் வகிடு எடுத்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கட்டம் கட்டமாக மண்டை தெரியும். வேரிலேயே செயற்கை முடியைச் சேர்த்து மூன்று பிரியாகப் பின்னிக்கொண்டே போவார். நெற்றியோரம் வந்தால் மட்டும் விரல்கள் மெதுவாகும். அங்கே இறுக்கினால் வலிக்கும், முடியும் கொட்டும். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, முடியும்போது விளக்குப் போட்டாகிவிட்டது. கடைசியில் பின்னல் அவிழாமலிருக்க நுனிகளைக் கொதிநீரில் முக்கி எடுத்தார். இதைவிட என்ன ஒழுங்கு வேண்டும்?

நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஒஜெய்கெரே 1968-இலிருந்து பெண்களின் சிகையலங்காரங்களைத் தேடித் தேடி ஆயிரத்துக்குப் பக்கமாகப் படமெடுத்தார். அதில் ஒன்றின் பெயர் 'ஒனிலே கொகோரோ'. யொரூபாவில் வானுயர்ந்த வீடு என்று அர்த்தம். ஊரில் மாடிக் கட்டடம் எழுந்தால் தலையிலும் எழுப்பிவிட்ட பெண்கள் அவர்கள்!

திருப்பதியில் நாம் கொடுக்கும் முடிக்காணிக்கை ஏலம் போகிறது. 'இந்தியன் ஹேர்' என்ற பெயருக்கே ஆப்பிரிக்கச் சந்தையில் தனி மதிப்பு. விக் வைப்பதும் முடியை நீட்டிக்கொள்வதும் அவரவர் ஆசை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்படி இருந்தால்தான் வேலை, பள்ளி என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த அக்காவுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு நேர்காணல் வந்தது. முந்தின நாள் ராத்திரி தரையில் உட்கார்ந்து பின்னல்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்க்கச் சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றார். பின்பக்கம் அவருக்குக் கை எட்டவில்லை, நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.