25 பேர் கணக்கில் ஒரு திருத்தம்

"இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் இளம் வீரர்கள் கிளப்பை விட்டுப் போகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அந்த 25 பேர் பட்டியல் 21 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே உள்ளவர்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடவைக்கலாம். அப்புறம், 2022-23 முதல் ஒரு ஆட்டத்தில் 5 பேரை மாற்றலாம், மாற்று வீரர்களாகப் பெஞ்சில் 9 பேர் உட்காரலாம். வாய்ப்பு கூடத்தான் செய்திருக்கிறது.

பட்டியல் அல்ல, எப்போது ஆடுவோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆளை வாட்டும். எங்கள் ரோஸ்ஹில் ஞாயிற்றுக்கிழமை அணியில் ஒரு பையன் மூன்று வாரம் பூட்ஸ் லேஸைக்கூடக் கட்டாமல் பெஞ்சில் இருந்தான். "அடுத்த வாரம் இரண்டாம் பாதி உனக்குத்தான் தம்பி" என்றார் பயிற்சியாளர். மறுநாள் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றான்.